மகாவலிக் கரையில் ஒரு கம்பஸ்

கொழும்புக் கோட்டையிலிருந்து கண்டிக்குப் போகிற ரயில் கடுகண்ணாவை ஏற்றத்தை மெல்ல ஏறி முடித்து, பேராதனைச் சந்தியைத் தாண்டியதும் ஒரு சின்ன நிலையம் வருகிறது. பெயர்ப்பலகையில் ‘சரசவி உயன’. பல்கலைக்கழகப் பூங்கா என்று பொருள். அவசரக்காரர்கள் யாரும் இங்கே இறங்குவதில்லை. எல்லோருக்கும் கண்டி, தலதா மாளிகை, ஏரி, அதோடு ஒரு செல்ஃபி. என்னோடு இறங்கியவர்கள் முதுகில் பையோடு நாலைந்து மாணவர்கள், கையில் மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு ஒரு அம்மா. மழை அப்போதுதான் விட்டிருந்தது.

நிலையத்தில் எனக்காகக் காத்திருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து, இங்கேயே கற்பித்து, ஓய்வு பெற்றபின் கண்டியிலேயே தங்கிவிட்டவர். “தம்பி, ஓட்டோ பிடிக்க வேண்டாம். நடப்பம். நடந்தால்தான் இந்த இடம் விளங்கும்” என்று குடையைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்தார். எழுபதைத் தாண்டியவர். நான்தான் ஓடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

கலஹா வீதி என்கிற பொதுச் சாலை இந்தப் பல்கலைக்கழகத்தின் நடுவாக ஓடுகிறது. நம் ஊர்ப் பழக்கத்தில் நான் தேடிய முகப்பு வளைவும் காவலாளியும் பதிவேடும் இந்தச் சாலையில் இல்லை. கலஹா, தெல்தோட்டை பக்கம் போகிற பஸ்கள் மூட்டை முடிச்சுகளோடு இதன் வழியே போகின்றன. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் இலங்கையின் முதல் வணிகத் தேயிலையைப் பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் இந்தத் திசையில்தான். தோட்டத்திலிருந்து கண்டி டவுனுக்குச் சாமான் வாங்க வருகிற மலையகத் தமிழர்கள், ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே ஒரு பல்கலைக்கழகத்தை ஊடறுத்துப் போகிறார்கள். “கேற் இல்லாத கம்பஸ் எண்டு நாங்கள் அந்தக் காலத்தில பெருமையாச் சொல்லுவம்” என்றார் நண்பர். அதில் பெருமைப்பட நிறையவே இருக்கிறது.

சாலையின் ஒரு பக்கம் மகாவலி. மறு பக்கம் ஹந்தானை மலை. இடையில் கிடக்கிற நிலம் முழுவதும், ஏறக்குறைய 700 ஹெக்டேர், பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். அதில் கட்டடங்கள் நிற்கிற இடம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் புல், மரம், சரிவு, ஓடை, காடு. சாலையோரம் வரிசையாக நிற்கிறவற்றில் ரோபரோசியா மரங்கள் பிரசித்தம். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். தாவரப் பெயர் தபேபுயா ரோசியா. வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு, இளஞ்சிவப்புப் பூவை மட்டும் சுமந்து நிற்கும். சில நாள்தான் தாக்குப்பிடிக்கும். பிறகு பூவெல்லாம் தார்ச்சாலையில் கிடக்கும். கண்டியிலிருந்து குடும்பம் குடும்பமாகப் படம் எடுக்க வருவார்களாம். நான் போனபோது பூ இல்லை. பூ இல்லாத மரத்தைப் பார்த்தால்தான் அதன் கிளைகள் சாலையின் மேல் எப்படிக் கை கோத்திருக்கின்றன என்பது தெரிகிறது. பூ இல்லையே என்று நான் வருத்தப்படவில்லை.

இந்த இடம் லேசில் கிடைத்ததல்ல. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906-இலேயே சங்கம் அமைத்துப் போராடியவர் பொன்னம்பலம் அருணாசலம். வேண்டும் என்று முடிவான பிறகு, எங்கே என்று ஆரம்பித்தது சண்டை. கொழும்பிலா, கண்டிப் பக்கமா என்று பத்திரிகைகளும் சட்டசபையும் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டன. கல்வி வரலாற்றில் இதற்கு ‘இடப் போர்’ என்றே பெயர். ஒருவழியாகப் பேராதனை என்று தீர்ந்தது. 1942-இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ். அரசியலமைப்புச் சட்ட வல்லுநரான அவர்தான் இந்த வளாகத்தைக் கட்டி எழுப்புவதையும் முன்னின்று நடத்தினார். 1952-இல் பல்கலைக்கழகம் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. அருணாசலத்தின் பெயரிலும் அவருடைய அண்ணன் இராமநாதனின் பெயரிலும் இன்றும் இங்கே மாணவர் விடுதிகள் இருக்கின்றன. நண்பர் இருந்தது அருணாசலம் விடுதியில். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு சின்ன நிமிர்வு.

வளாகத்துக்குத் திட்டம் வகுத்தவர் பேட்ரிக் அபர்குரோம்பி. இரண்டாம் உலகப்போரில் குண்டுவிழுந்து சிதைந்த லண்டனை மறுபடி எப்படிக் கட்டுவது என்று திட்டம் போட்ட அதே ஆள். கிளிஃபர்ட் ஹாலிடே அவருக்குத் துணை. கட்டடங்களை வரைந்தவர் இலங்கையரான ஷேர்லி டி அல்விஸ். இவர்கள் செய்த நல்ல காரியம் என்று நான் நினைப்பது, நிலத்தோடு சண்டை போடாமல் விட்டதுதான். சாலைகள் மலையின் மட்டத்தை ஒட்டியே வளைந்து போகின்றன. கட்டடங்கள் ஒன்றையொன்று இடிக்காமல், மேட்டில் ஒன்று, அதற்குக் கீழே மரங்களுக்குப் பின்னால் இன்னொன்று. ஒரு விடுதியிலிருந்து வகுப்புக்குப் போகிற மாணவன் வேண்டாம் என்றாலும் ஒரு தோட்டத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். ஓட்டுக் கூரை, செதுக்கிய தூண்கள், வாசற்படியில் சந்திரவட்டக் கல் என்று பழைய கண்டி அரண்மனையையும் அநுராதபுரத்தையும் நினைவூட்டும் வேலைப்பாடு எங்கும் இருக்கிறது. செனட் கட்டடத்தின் தூண்களைப் பார்த்தால் பிரமிப்புத்தான். ஆனால் எனக்குச் சில இடங்களில் அலங்காரம் தூக்கல் என்று பட்டது. பல இனத்தவரும் பல மதத்தவரும் படிக்கிற இடத்துக்கு ஒரு மரபின் முத்திரையை இவ்வளவு அழுத்திக் குத்தியிருக்க வேண்டியதில்லை. சொன்னேன். நண்பர் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

முறைப்படியான திறப்பு விழா 1954 ஏப்ரல் 20 அன்று. எலிசபெத் ராணி வந்திருந்தார். திறந்து வைத்தவர் அவருடைய கணவர் எடின்பரோ கோமகன். ஏற்கெனவே இரண்டு வருடமாக வகுப்பு நடந்துகொண்டிருக்கிற இடத்தை எப்படித் திறப்பது? வழக்கத்தைவிட இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திறந்திருப்பதாக அறிவிக்கிறேன் என்று அவர் சொன்னதாக இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். கேட் இல்லாத கம்பஸுக்கு அந்தப் பேச்சு சரியாகவே பொருந்துகிறது.

கலைப்பீடத்தின் அருகே நிலம் தானாகவே ஒரு பள்ளமாகக் குழிந்திருக்கிறது. வேறு யாராவதாக இருந்தால் மண்ணடித்து நிரப்பி வாகன நிறுத்துமிடம் ஆக்கியிருப்பார்கள். இங்கே அதைத் திறந்தவெளி அரங்கு ஆக்கினார்கள். கீழே மேடை, சரிவில் உட்கார்ந்து பார்க்கலாம், சுற்றிலும் மரங்கள். மாணவர்கள் சிங்களத்தில் ‘வல’ என்கிறார்கள், பள்ளம் என்று. இப்போது எதிரிவீர சரச்சந்திரவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1956-இல் ‘மனமே’ நாடகத்தால் சிங்கள அரங்கின் போக்கையே மாற்றியவர் அவர். 1961-இல் வந்த ‘சிங்கபாகு’ இந்தப் பள்ளத்தோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்துவிட்டது. பக்கத்திலேயே தமிழ்த்துறையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் படித்த பிள்ளைகளைக் கொண்டு மேடையேற்றிக்கொண்டிருந்தார். ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ என்று அறுபதுகளில் வரிசையாக. இராவணனாக ஆடிய மாணவர்தான் பின்னாளில் பேராசிரியரான மௌனகுரு. “சலங்கைச் சத்தம் மலையில பட்டுத் திரும்பி வரும்” என்றார் நண்பர். மண்டபத்துக்குள் அடைபட்டிருந்தால் கூத்து இவ்வளவு சீக்கிரம் மூச்சு விட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். திறந்த வெளி என்பது படிப்புக்கு இடையே காற்று வாங்குகிற இடம் மட்டும் அல்ல. இங்கே அதுவே பாடத்தின் ஒரு பகுதியாக இருந்திருக்கிறது.

இவ்வளவு பரப்பை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அதைப் பார்க்க மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் திரும்பவும் போனேன். மாணவர்கள் எழுந்து வருவதற்கு முன்னால் இந்த வளாகம் விளக்குமாறுகளின் கையில் இருக்கிறது. நீளக் கம்பில் கட்டிய ஈர்க்கு விளக்குமாறு, குனிய வேண்டாம். தலையில் துண்டு கட்டிய ஒரு அம்மா நடைபாதையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட இலையை ஒரே இழுப்பில் பெயர்க்க முடியாது. முதலில் விளக்குமாற்றின் நுனியால் ஒரு தட்டு. இலை லேசாகக் கிளம்பியதும் பக்கவாட்டில் ஒரு வீச்சு. தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. குவியலை நடைபாதை ஓரத்தில் விடாமல் மரத்தடிக்கே தள்ளிவிட்டார். ஏன் என்று கேட்டேன். தமிழைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். தெல்தோட்டைப் பக்கத்து ஆள்.

“இந்தியாவுல இருந்தா வந்திருக்கீங்க? அள்ளிக்கிட்டுப் போயி என்னாத்துக்கு சார்? மரத்துக்கே போட்டா அது திங்கும். பாதையில கெடந்தாத்தான் புள்ளைங்க வழுக்கி விழும்.”

மட்கு பற்றி நாம் கருத்தரங்கு நடத்துகிறோம்.

அவரைவிட முக்கியமான ஆள் கொஞ்சம் கீழே இருந்தார். மண்வெட்டியோடு சாலையோரத்துக் கானுக்குள் இறங்கி நின்றார் ஒருவர். கருங்கல் பாவிய பழைய வடிகான். ஹந்தானையின் இந்தப் பக்கச் சரிவில் பெய்கிற மழை இந்த வளாகத்தின் ஊடாகத்தான் மகாவலிக்குப் போயாக வேண்டும். வேறு வழி கிடையாது. மலையில் ஒரு மணி நேரம் கொட்டினால், கான்களில் தண்ணீர் செம்மண் நிறத்தில் பாய்கிறது. ஓரிடத்தில் இலையும் சுள்ளியும் ஒரு பிளாஸ்டிக் போத்தலும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் போதும். தண்ணீர் கரையேறும், சாலையின் அடிமண்ணை அரிக்கும், சரிவின் புல்லைத் தோலோடு உரித்துக்கொண்டு போகும். அவர் மண்வெட்டியால் சேற்றை வழித்து மேலே எறிந்துகொண்டே வந்தார். எறிந்த சேற்றை அப்படியே விடாமல், மேட்டுப்பக்கமாக அமுக்கி வைத்தார், திரும்பவும் கானுக்குள்ளேயே கரைந்து விழாதபடி. கான் வெட்டுவது தேயிலைத் தோட்டத்தில் தனி வேலை. அதில் கை பழகியவர்களுக்குச் சரிவும் தண்ணீரும் பாஷை மாதிரி. பூச்செடியை யார் வேண்டுமானாலும் நட்டுவிடலாம். மலைச்சரிவில் ஒரு தோட்டம் எழுபது வருடம் நிற்கிறதென்றால், கான்கள் எழுபது வருடம் திறந்திருக்கின்றன என்று அர்த்தம்.

புல் இன்னொரு கதை. இந்த ஈரத்தில் புல்லை வளர்க்கத் தேவையில்லை, அடக்கத்தான் ஆள் வேண்டும். தோளில் மாட்டிய மிசினோடு வெட்டுகிறவர்கள் ஒரு முனையில் தொடங்கி மறு முனைக்குப் போவதற்குள் தொடங்கிய இடம் மறுபடி வளர்ந்திருக்கும். வளரவிட்டால் அட்டை. நானும் காலில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அறைக்கு வந்து சாக்ஸைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. குரங்குகளுக்கும் பஞ்சமில்லை. மூடி இல்லாத குப்பைத் தொட்டி எதுவும் குரங்குக்குச் சாப்பாட்டு மேசைதான். சோறு சுற்றிய லன்ச் ஷீற்றை இழுத்து மரத்தின் மேல் கொண்டுபோய் நக்கிவிட்டு அங்கிருந்தே போட்டுவிடுகிறது.

கவலை தருவது மரங்களின் வயது. நிறைய மரங்கள் வளாகம் உருவான காலத்தையொட்டி நடப்பட்டவை. ஒன்றாக நட்டவை ஒன்றாகவே மூப்படையும். மழைக்காலத்தில் சாலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற பெரிய கிளையைப் பார்த்து, வெட்டுவதா விடுவதா என்று முடிவெடுப்பது எந்த நிர்வாகத்துக்கும் தலைவலி. வெட்டினால் அழகு போச்சு என்று ஒரு கூட்டம் திட்டும். வெட்டாமல் விட்டு ஒரு பஸ்ஸின் மேல் விழுந்தால் எல்லோரும் திட்டுவார்கள். இதற்கு ஒரே வழி, நன்றாக இருக்கிற மரத்தின் பக்கத்திலேயே இன்றைக்கே அடுத்த மரத்தை நடுவது. சில இடங்களில் கூண்டு போட்ட கன்றுகளைப் பார்த்தேன். இன்னும் நிறைய வேண்டும்.

மேலே ஹந்தானையில் நிற்கிற பைன் காடு வேறு வகைப் பாடம். தேயிலை கைவிடப்பட்ட மலைமுகங்களில் மண்ணைப் பிடித்து வைப்பதற்காக கரீபியப் பைனை நட்டார்கள். படத்தில் பார்க்க சுவிட்சர்லாந்து. காலடியில் பார்த்தால் ஊசியிலை மெத்தை. அதன் கீழே பெரிதாக ஒன்றும் முளைப்பதில்லை. கோடையில் ஒரு தீக்குச்சி போதும். மலையை 2010-இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்தார்கள். அறிவிப்பு தீயை அணைக்காது என்பது வேறு விஷயம்.

செனட் கட்டடப் பக்கம் திரும்பி வரும்போது, ஒரு சிறு குளத்தைக் காட்டி நண்பர் நடையை நிறுத்தினார். 1989-இல் ஜே.வி.பி. என்கிற இடதுசாரி இயக்கத்தின் கிளர்ச்சியை அரசு அடக்கிக்கொண்டிருந்த நாள்களில், இந்த வளாகத்துக் குளத்தைச் சுற்றித் துண்டிக்கப்பட்ட தலைகளை வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் வந்தவர்கள் பார்த்தார்கள். நண்பர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது. கரையைச் சுற்றிப் புல் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. பேராதனை அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

மத்தியானத்துக்கு மேல் வளாகம் வேறு முகம் காட்டுகிறது. ஆற்றங்கரைப் பாதையில் ஜோடிகள். ஒரு குடைக்குக் கீழே இரண்டு பேர். மழை இல்லாவிட்டாலும் குடை விரிகிறது. இலங்கையில் குடைக்கு இப்படி ஒரு பயனும் உண்டு. அக்பர் பாலத்தில் நின்றால் கீழே மகாவலி பாறைகளுக்கு இடையே பிரிந்து போகிறது. பாலத்தின் ஒரு பக்கம் பொறியியல் பீடம், மறு பக்கம் கலைப்பீடக்காரர்களின் உலகம். புல்வெளியில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே நோட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். புல்லில் உட்காராதே என்று யாரும் விசில் ஊதவில்லை. ஆனால் எல்லாப் புல்லும் எல்லோருக்கும் இல்லை. பகிடிவதை, அதாவது ராகிங், உச்சத்தில் இருக்கிற மாதங்களில், எந்தப் படியில் உட்காரலாம், எந்தப் பாதையில் போகக் கூடாது என்பதைச் சீனியர்கள்தான் தீர்மானிப்பார்கள் என்று ஒரு மாணவி சொன்னாள். அபர்குரோம்பியின் வரைபடத்தில் அந்தக் கோடுகள் கிடையாது. நெரிசலும் இருக்கிறது. சிறிய உறைவிடப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய இடத்தில் இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படிக்கிறார்கள். பிறகு எழும்பிய கட்டடங்களில் சில, டி அல்விஸ் கண்ணில் படாமல் போனதே நல்லது.

சாயங்காலம் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு ஏறினோம். பௌத்த விகாரை, தேவாலயம், பள்ளிவாசல் இருக்கிற வளாகத்தில் இந்துக்களுக்கு இந்த முருகன். சரிவில் ஏறிப்போகிற பாதையைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் சொல்லாமலே விளங்கும். பூசைக்கு வேண்டியதைச் செய்வதிலிருந்து வாசல் கூட்டுவதுவரை மாணவர்கள் கைதான். அன்றைக்கும் ஒரு பையன் ஜீன்ஸை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து படிகளில் படிந்த பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். “சோதினை வருது சேர், அதுதான்” என்றான் கூச்சத்தோடு. எந்தப் பாடம் என்று நான் கேட்கவில்லை. படி சுத்தமாக இருந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேராதனை அரச தாவரவியல் பூங்கா. 1821-இல் அங்கே தொடங்கியது, 147 ஏக்கர், போர்க்காலத்தில் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தையே அதற்குள் வைத்திருந்தார். பனை வரிசைகள், ராட்சத அத்தி என்று பார்க்க ஏராளம் உண்டு, போங்கள். ஆனால் அங்கே சீட்டு வாங்கிக்கொண்டு போய் மரத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம். இங்கே ஜனங்கள் மரங்களுக்குக் கீழே வாழ்கிறார்கள். என் ஓட்டு கலஹா வீதிக்குத்தான். நம் ஊரில் புதிது புதிதாக எழும்புகிற கல்லூரிகளில் முகப்புக்கு மட்டும் ஒரு புல்வெளி, அதைச் சுற்றி ஒரு சங்கிலி, ‘புல்லில் நடக்காதீர்’ என்று ஒரு பலகை. விளம்பரப் படத்துக்கு வளர்க்கிற புல் அது. அப்படிப்பட்டதைக் கட்டுகிறவர்கள் ஒருமுறை செலவு பண்ணிக்கொண்டு இங்கே வந்து, காலை ஆறரைக்கு அந்தக் கான்காரரின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்கட்டும்.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். கண்டியிலிருந்து பேராதனைக்கு பஸ் எப்போதும் உண்டு. கலஹா சந்தியில் இறங்கி அங்கிருந்து நடக்கலாம். பூவுக்காகப் போகிறவர்கள் முன்கூட்டி அங்கே யாரிடமாவது விசாரித்துக்கொள்ளுங்கள், ரோபரோசியா யாருக்காகவும் காத்திருக்காது. கையில் குடையும், அட்டைக்கு ஒரு சின்னப் பொட்டலம் உப்பும் இருக்கட்டும். சாப்பிட்ட ஷீற்றைப் பையிலேயே திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள்.